மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்: நரம்பைச் சுடுவதா, கட்டியை எடுப்பதா, இன்னொரு மாத்திரையா?

அத்தையின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தபோது 172-க்கு 98 காட்டியது. காலையில் டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும், இரவில் அம்லோடிபின். மூன்றையும் இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் ஒரு மருத்துவமனையில், "தொடை வழியாகக் குழாய் விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பைச் சுட்டுவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். செய்துவிடலாம் என்றார் மாமா. அவசரப்பட வேண்டாம் என்றான் மகன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு படித்ததும், மருத்துவர்களிடம் கேட்டதும், அத்தையோடு ஆறு மாதம் அலைந்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. இதே குழப்பத்தோடு கேட்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். கத்தி வைக்காத சிகிச்சை என்றதும் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்புதான். ஆனால் தொடை வழியாகவோ சிறு துளை வழியாகவோ செய்யும் சிகிச்சைகளே மூன்று, நான்கு வகை இருக்கின்றன. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. ஆள் மாறிச் செய்தால் பணமும் போகும், பிரஷரும் அப்படியே இருக்கும்.

## தேர்வுக்கு முன்னால்: பிரஷர் உண்மையிலேயே அடங்கவில்லையா?

மூன்று வெவ்வேறு வகை மாத்திரைகளை, அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரையாக, போதிய அளவில் எடுத்தும் அழுத்தம் இலக்குக்கு மேலேயே நின்றால்தான் மருத்துவர்கள் அதை எதிர்ப்பு ரத்த அழுத்தம் என்பார்கள். இந்தப் பெயரை வாங்கியவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஸ்பெயினில் இப்படி முத்திரை விழுந்த 8,295 பேருக்கு, நாள் முழுவதும் தானாகவே அழுத்தத்தை அளக்கும் 24 மணி நேர அளவி கட்டிப் பார்த்தார்கள். அதில் 37.5 சதவீதம் பேருக்கு, மருத்துவமனைக்கு வெளியே அழுத்தம் கட்டுக்குள்தான் இருந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஏறுகிற பிரஷர் அது.

அப்புறம் பட்டை. பருத்த கையில் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடித் தெரியும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டிப் பார்த்த ஓர் ஆய்வில் மேல் அளவு (172-க்கு 98 என்றால் 172) சராசரியாக 19.5 புள்ளி, அதாவது மில்லிமீட்டர் பாதரசம், கூடுதலாகக் காட்டியது. ஒரு நரம்புச் சிகிச்சை குறைப்பதைவிட இது பல மடங்கு. புடவை ரவிக்கையின் இறுக்கமான கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன். கையைத் தொங்கப் போட்டபடி, பேசிக்கொண்டே அளப்பதையும்.

மாத்திரை விஷயத்தில் யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை எழுதிக் கொடுத்த மாத்திரைகளை முழுமையாக எடுப்பதில்லை என்றுதான் தெரிகிறது. கேட்டால் "போடுகிறேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. விரத நாளில் விட்டது, ஊருக்குப் போனபோது மறந்தது எதுவும் கணக்கில் வருவதில்லை.

நம் வீடுகளில் தனியாகப் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் சுவைப்பவர்களுக்கு உப்பு உடலில் தங்கி, பொட்டாசியம் இறங்கி, பிரஷர் எகிறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காத 12 பேருக்கு உப்பைக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த ஆய்வில், உப்புக் கூடிய வாரத்தோடு ஒப்பிட்டால் மேல் அளவு 22.7 புள்ளி குறைந்தது. 12 பேர்தான், சிறிய ஆய்வுதான். இருந்தாலும் போலிச் சிகிச்சையோடு (எல்லாம் செய்வதுபோலக் காட்டி, உண்மையில் செய்யாமல் விடுவது) ஒப்பிட்டுப் பார்த்த எந்தக் குழாய்ச் சிகிச்சையும் இந்த எண்ணைத் தொட்டதில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

விளம்பரத் தாளில் இருக்கும் "30 புள்ளி வரை குறையும்" என்ற வரியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி, எவ்வளவு குறையும்? போலிச் சிகிச்சை செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டு, 24 மணி நேர அளவியில் எவ்வளவு குறைகிறது என்பதே பேச்சு. இரண்டாவது, இவருக்குக் குறையுமா என்பதை முன்கூட்டியே சோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. மூன்றாவது, மாத்திரை நிற்குமா, குறையுமா, அப்படியே இருக்குமா? நான்காவது, ஏதாவது தவறினால் திரும்பி வர முடியுமா? ஐந்தாவது, சொல்லாத செலவு. ஸ்கேன், படம் எடுக்க நாளத்தில் செலுத்தும் சாயம், படுக்கை, துணைக்கு ஒருவர் விடுப்பு, பின்னாளில் வரும் பரிசோதனைகள் எல்லாம் அதில் அடக்கம்.

மேல் அளவில் 10 புள்ளி நிலையாகக் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைகின்றன. பல மருந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த கணக்கு இது. 5 புள்ளி குறைந்தாலே 10 சதவீதம். அதனால் 4, 5 புள்ளியை அற்பம் என்று தள்ளவும் முடியாது, அதற்காக எதையும் செய்யலாம் என்று பாயவும் முடியாது.

## நான்காவது மாத்திரை

குழாய்ச் சிகிச்சைகளின் ஒப்பீட்டில் மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கும் படிக்கல் இதுதான்.

2015-ல் வெளியான பாத்வே-2 என்ற பிரிட்டன் ஆய்வில், மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன், பைசோப்ரோலால், டாக்சசோசின், வெற்று மாத்திரை நான்கையும் ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்பைரோனோலாக்டோன் தெளிவாக முந்தியது. வெற்று மாத்திரையைவிட 8.7 புள்ளி கூடுதலாகக் குறைத்தது. பல பத்தாண்டு பழைய மாத்திரை, விலையும் மிகக் குறைவு, எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும்.

மறைந்திருக்கும் விலை இதற்கும் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். டெல்மிசார்டன் போன்ற மாத்திரையோடு சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். தொடங்கி ஒன்று, இரண்டு வாரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது கட்டாயம். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் வெயிலுக்கு இதமென்று தினமும் இளநீர் குடித்தாலோ, "லோ சோடியம்" உப்பை வாங்கிச் சமைத்தாலோ சிக்கல். ஆண்களுக்கு மார்பில் வீக்கமும் வலியும் வரலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் எப்ளெரினோன் என்ற மாற்று இருக்கிறது.

சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு வேறொரு நல்ல செய்தி. 2021-ல் வந்த கிளிக் ஆய்வில், நாலாம் கட்டச் சிறுநீரக நோயாளிகளுக்கே, நீர் பிரியும் மாத்திரையான குளோர்தாலிடோன் 24 மணி நேர மேல் அளவை 11 புள்ளி குறைத்தது. நீர் பிரியும் மாத்திரை சரியானதாக, சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்காமலே "மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை" என்று முடிவு கட்டப்படுவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அட்ரினல் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிட்டு அப்புறம் ஸ்பைரோனோலாக்டோனைத் தொடங்குவது நல்லது. தொடங்கிய பின் செய்தால் முடிவு குழம்பும், வாரக்கணக்கில் மாத்திரையை நிறுத்திக் காத்திருக்க வேண்டியும் வரலாம். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அத்தையின் கதைக்கு வரும்போது புரியும்.

## சிறுநீரக நரம்பைச் சுடுதல்

மருத்துவர்கள் ரீனல் டினர்வேஷன் என்பது இதைத்தான். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் நரம்புகள், சிறுநீரகத் தமனியின் வெளிச்சுவரைச் சுற்றிக் கொடிபோலப் படர்ந்திருக்கின்றன. இவை அளவுக்கு மீறித் தூண்டினால் உப்பு தங்கும், நாளங்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். இந்த நரம்புகளை அறுத்தால் பிரஷர் குறையும் என்பது பழைய அறிவு. நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன், பாஸ்டனில் ஸ்மித்விக் போன்ற அறுவை மருத்துவர்கள் முதுகைத் திறந்தே நரம்புக் கற்றைகளை வெட்டினார்கள். பிரஷர் குறைந்தது. ஆனால் எழுந்து நின்றால் மயக்கம், வியர்வைக் கோளாறு என்று பெருந்தொல்லை. மாத்திரைகள் வந்ததும் அது வழக்கொழிந்தது.

உள்ளிருந்தே சுடும் முறையின் முதல் மனித முடிவுகள் 2009-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் குழு தலைமையில் வெளியாயின. ஒரு வருடத்தில் 27 புள்ளி குறைந்ததாக அறிக்கை. உலகமே துள்ளியது. 2014-ல் அமெரிக்காவில் 535 பேரை வைத்து நடந்த சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வு அதைத் தரையில் இறக்கியது. அந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மேசையில் படுக்கவைத்து, தமனியைப் படம் மட்டும் பிடித்து, நரம்பைச் சுடாமலே அனுப்பினார்கள். தனக்குச் சுடப்பட்டதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாது. சுட்டவர்களுக்கு 14 புள்ளி குறைந்தது. சுடாதவர்களுக்கும் 12 புள்ளி அளவுக்குக் குறைந்தது! கவனிக்கிறார்கள் என்றதும் மாத்திரையை ஒழுங்காகப் போடுவது, முதல் அளவு தற்செயலாக உயர்ந்திருப்பது, நம்பிக்கை எல்லாம் சேர்ந்த குறைவு அது. "என் மாமனாருக்கு 20 குறைந்தது" என்று யாராவது சொல்லும்போது இந்த 12-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைத் திருத்தி, தமனியின் கிளைகளிலும் சுடக் கற்று, மறுபடி ஆய்வுகள் நடந்தன. இப்போது இரண்டு வகை முன்னணியில் இருக்கின்றன. சிம்ப்ளிசிட்டி ஸ்பைரல் ரேடியோ அலை வெப்பத்தால் சுடுவது. சுருள்போல் வளைந்த முனையில் நான்கு மின்முனைகள், ஒவ்வொரு சூடும் ஒரு நிமிடம். பாரடைஸ் என்பது ஒலி அலையால் சுடுவது. பலூனுக்குள் நீர் ஓடித் தமனிச் சுவரைக் குளிர்விக்க, ஏழு விநாடியில் ஒரு வளையம் சுட்டு முடியும். இரண்டுக்கும் 2023 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது.

இப்போதைய எண்கள் இவை. மருந்துக்கு அடங்காதவர்களையே எடுத்துக்கொண்ட ரேடியன்ஸ் ட்ரையோ ஆய்வில், ஒலி அலைச் சிகிச்சைக்குப் பின் பகல்நேர மேல் அளவு 8 புள்ளி குறைந்தது. போலிச் சிகிச்சையில் 3. நிகர லாபம் 4.5 புள்ளி. ரேடியோ அலை வகையில், மருந்து எடுக்காதவர்களிடம் செய்த ஆய்வில் 24 மணி நேர அளவில் ஏறத்தாழ 4 புள்ளி வித்தியாசம். மருந்து எடுப்பவர்களிடம் செய்த ஆய்வில் அந்த வித்தியாசம் 2 புள்ளிதான், அதுவும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. போலிச் சிகிச்சைக் குழுவில் மாத்திரைகள் கூடிப்போனது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். இரண்டில் எது மேல்? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 120 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பெரிய தமனியில் மட்டும் ரேடியோ அலையால் சுடுவதைவிட ஒலி அலை நன்றாகச் செய்தது. கிளைகளிலும் சேர்த்துச் சுட்டபோது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கருவியின் பெயரைவிட, செய்கிறவரின் கை எத்தனை பேருக்குப் பழகியிருக்கிறது என்பதைக் கேட்பது பயனுள்ளது.

இதன் நல்ல பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாதுகாப்பில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. தமனி சுருங்கி ஸ்டென்ட் வைக்க வேண்டிவருவது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேர் அளவுக்குத்தான். தொடையில் ரத்தம் கட்டுவது கொஞ்சம் கூடுதலாக நடக்கும். பலன் மூன்று வருடம் தாண்டியும் நிற்பதாகத் தொடர் கண்காணிப்புகள் காட்டுகின்றன. ராத்திரியும் விடியற்காலையும் சேர்த்து 24 மணி நேரமும் வேலை செய்யும். மறக்கும் மாத்திரைக்கு இல்லாத குணம் இது.

கெட்ட பக்கம், யாருக்குப் பலிக்கும் என்று முன்பே சொல்ல நம்பகமான சோதனை கிடையாது. சுட்டு முடித்த பிறகும், நரம்பு அறுந்ததா என்று மேசையிலேயே பார்க்க எளிய வழி இல்லை. மூன்றில் ஒருவர் அளவுக்கு ஒன்றும் குறையாமல் போகலாம். செலவின் பெரும்பகுதி ஒரு தடவை மட்டும் பயன்படும் வடிகுழாய்க்கே போகிறது, பலிக்காவிட்டால் அது திரும்ப வராது. மாத்திரையும் பெரும்பாலும் நிற்காது. இதைக் கேட்டதும் மாமாவின் முகம் வாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அப்ப எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. சுட்ட மறுநாள் தாமாக மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறைவு தெரியவே சில வாரம் ஆகும்.

இன்னும் ஒன்று. மாரடைப்பையோ பக்கவாதத்தையோ இது நேரடியாகக் குறைத்தது என்று காட்டிய பெரிய ஆய்வு இதுவரை இல்லை. அழுத்தம் குறைந்தால் அதுவும் குறையும் என்ற கணக்கில்தான் செய்கிறோம். 2024-ல் வெளியான ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் "பரிசீலிக்கலாம்" என்ற மட்டத்தில்தான் இதை வைத்திருக்கிறது. அதுவும் அனுபவமுள்ள மையத்தில், மூன்று மருந்துக்கு அடங்காதவருக்கு, சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரத்தப் பரிசோதனையில் ஈஜிஎஃப்ஆர்) 40-க்கு மேல் இருந்தால். வேறொரு காரணத்தால் வந்த பிரஷருக்கு இது கூடாது என்றும் சொல்கிறது. அந்தக் கடைசி வரியைத்தான் அத்தை விஷயத்தில் யாரும் பார்க்கவில்லை.

சுடுவதற்குப் பதில் தமனியைச் சுற்றி ஆல்கஹாலைச் செலுத்தி நரம்பைக் கரைக்கும் முறையும் சோதனையில் இருக்கிறது. லாபம் 3 புள்ளி அளவில்.

## அட்ரினல் கட்டியை எடுத்தல்

சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினல். அது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தேவையில்லாமல் சுரந்தால் உப்பு உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும், எந்த மாத்திரைக்கும் பிரஷர் மசியாது. மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற மருத்துவர் 1955-ல் இதை விவரித்தார். அரிய நோய் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மருந்துக்கு அடங்காதவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பது இன்றைய கணக்கு.

அத்தையின் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பி, தேதிவாரியாக அடுக்கினோம். பொட்டாசியம் 3.2. எட்டு மாதம் கழித்து 3.1. அப்புறம் 3.3. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் சின்னதாக ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி அச்சாகியிருந்தது. நீர் மாத்திரையால் இருக்கும் என்று மூன்று முறையும் விட்டிருக்கிறார்கள். அது இருக்கலாம்தான், ஆனால் ஒரு முறையாவது காரணம் தேடியிருக்க வேண்டும். கால் பிடித்துக்கொள்கிறது, படியேற முடியவில்லை என்று அத்தை சொன்னபோதெல்லாம் வயது என்றுதான் எல்லோரும், நான் உட்பட, சொல்லியிருந்தோம்.

ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்ட சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் ஒரே ரத்தத்தில் அளந்து விகிதம் பார்ப்பதுதான் முதல் சோதனை. பொட்டாசியம் சரியாக இருப்பதாலேயே இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, பலருக்கு அது சரியாகவே இருக்கும். 2025-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், பிரஷர் உள்ள எல்லோருக்கும் இதைச் சோதிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. விகிதம் உயர்ந்திருந்தால் அடுத்து சிடி ஸ்கேன். அதில் கட்டி தெரிந்தாலும் அதுதான் சுரக்கிறது என்று சொல்ல முடியாது, வயதானால் வேலை செய்யாத கட்டிகளும் வரும். அதனால் இரண்டு பக்க அட்ரினல் சிரைகளிலும் குழாய் விட்டு ரத்தம் எடுத்து, எந்தப் பக்கம் சுரக்கிறது என்று பார்க்கிறார்கள். வலப்பக்கச் சிரை குட்டையானது, பிடிப்பது கடினம். பழகிய கை உள்ள மையங்கள் குறைவு. இந்த வழியின் உண்மையான தடை அறுவை சிகிச்சை இல்லை, இந்தச் சோதனைதான். நாங்கள் இதற்காக மட்டும் வேறு ஊருக்கு இரண்டு முறை போனோம். முதல் முறை வலப்பக்கம் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம்தான் என்று உறுதியானால், வயிற்றில் மூன்று, நான்கு சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் அந்தச் சுரப்பியையே எடுத்துவிடுவார்கள். 12 மையங்களில் 705 பேரைத் தொடர்ந்த ஆய்வில் 94 சதவீதம் பேருக்கு ஹார்மோன் சரியானது. 37 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் பிரஷர் இயல்பானது. மேலும் 47 சதவீதம் பேருக்கு மாத்திரை குறைந்தது, அல்லது அழுத்தம் குறைந்தது. பெண்களுக்கும் இளையவர்களுக்கும் முழுக் குணம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். பல வருடம் தாமதித்துவிட்டால் நாளங்கள் இறுகிப்போய், காரணம் நீங்கினாலும் பிரஷர் முழுதாக இறங்காது. அத்தைக்கு அப்படித்தான். மூன்று மாத்திரை ஒன்றானது. கால் பிடிப்பு அடியோடு போய்விட்டது.

இரண்டு பக்கமும் சுரந்தால் எடுக்க முடியாது. அவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோனோ எப்ளெரினோனோதான் சிகிச்சை, அது நன்றாகவே வேலை செய்யும். கட்டியை எடுக்காமல் ஊசிமுனையால் சுடும் முறைகளும் சில நாடுகளில் நடக்கின்றன. இப்போதைக்கு அவை ஆய்வு நடக்கும் மையங்களுக்கான வழிதான்.

## சிறுநீரகத் தமனியில் பலூன், ஸ்டென்ட்

பெயரில் நரம்புச் சிகிச்சைபோலத் தோன்றும், தொடை வழியாகவே போகும், ஆனால் வேலை வேறு. சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டால், ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் உடல் முழுவதும் அழுத்தத்தை ஏற்றும். அடைப்பை நீக்கினால் சரியாகிவிடும் என்றுதானே தோன்றும்? கொழுப்புப் படிந்த அடைப்பில் அப்படி நடக்கவில்லை. 947 பேரைக் கொண்ட கோரல் ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் இதய, சிறுநீரக ஆபத்துகளில் வித்தியாசமே இல்லை. அழுத்தத்தில் வித்தியாசம் 2 புள்ளி அளவு. ஆகவே வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அறுபது வயதுக்காரருக்கு அடைப்புத் தெரிந்தது என்பதற்காக மட்டும் ஸ்டென்ட்டுக்குத் தலையாட்ட வேண்டாம். திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர்கள், சிறுநீரகம் வேகமாகக் கெடுபவர்கள் கதை தனி. அவர்களுக்கு ஸ்டென்ட் உயிர் காக்கலாம்.

இளம் பெண்களுக்கு வருவது வேறு ரகம். தமனிச் சுவர் மணி கோத்த மாலைபோல் புடைத்தும் சுருங்கியும் இருக்கும் நார்த்தசைக் கோளாறில், ஸ்டென்ட் இல்லாமல் வெறும் பலூனை விரித்தாலே மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை பிரஷர் இயல்பாகிறது. இந்தியாவில் இளம் வயதில் சிறுநீரகத் தமனி சுருங்குவதற்குத் தகாயாசு என்ற நாள அழற்சி முக்கியமான காரணம். அதில் அழற்சியை மருந்தால் அடக்கிய பிறகே பலூன் போட வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி சுருங்கும். முப்பது வயதுக்குள் பிரஷர் வந்த பெண்ணுக்கு, இரண்டு கைகளிலும் நாடியும் அழுத்தமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை.

## மற்றவை, சுருக்கமாக

கழுத்துத் தமனியில் மின்முனை வைத்து, தோள்பட்டைக்குக் கீழே பேட்டரி பொருத்தும் கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2019-ல் அதற்கு அனுமதி கிடைத்தது இதயச் செயலிழப்புக்காக, பிரஷருக்காக அல்ல. இடுப்புப் பகுதியில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ராக்ஸ் கருவி நன்றாகவே அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் 29 சதவீதம் பேருக்குச் சிரை சுருங்கியது. அந்த வழியை மறந்துவிடலாம்.

பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவராக இருந்தால் தூக்கச் சோதனை செய்யுங்கள். ராத்திரி முகமூடி அணிந்து காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவி, மருந்துக்கு அடங்காதவர்களிடம் 24 மணி நேரச் சராசரி அழுத்தத்தை 3 புள்ளி குறைத்தது. நரம்பைச் சுட்டுக் கிடைப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. பிடிக்காவிட்டால் கழற்றியும் வைக்கலாம்.

புது மாத்திரைகளும் வருகின்றன. அப்ரோசிடென்டானுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பாக்ஸ்ட்ரோஸ்டாட் என்ற மருந்து 2025-ல் வந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிட 9 புள்ளி அளவுக்குக் கூடுதலாகக் குறைத்தது. உடனடி ஆபத்து இல்லாதவர்கள் நரம்புச் சிகிச்சைக்கு அவசரப்படாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

## ஒரே பார்வையில்

| | நான்காவது மாத்திரை | நரம்பைச் சுடுதல் | அட்ரினல் நீக்கம் | தமனி பலூன் / ஸ்டென்ட் |
|---|---|---|---|---|
| நிகரக் குறைவு | 8–9 புள்ளி | 2–5 புள்ளி (24 மணி / பகல் அளவி) | பலருக்குப் பெரிய குறைவு. 37% பேருக்கு முழுக் குணம் | கொழுப்பு அடைப்பில் 2. நார்த்தசைக் கோளாறில் பெரிய பலன் |
| முன்பே தெரியுமா? | போட்டுப் பார்த்தால் தெரியும் | தெரியாது | ரத்தம், ஸ்கேன், சிரைச் சோதனையில் தெரியும் | ஆஞ்சியோவில் ஓரளவு தெரியும் |
| மாத்திரை நிற்குமா? | ஒன்று கூடும் | பெரும்பாலும் நிற்காது | நிற்கலாம் அல்லது குறையும் | காரணத்தைப் பொறுத்தது |
| திரும்ப முடியுமா? | நிறுத்தினால் போதும் | முடியாது | முடியாது. மறுபக்கச் சுரப்பி ஈடுகட்டும் | முடியாது. மறுபடி சுருங்கலாம் |
| சொல்லாத செலவு | அடிக்கடி ரத்தப் பரிசோதனை | ஒரு தடவை வடிகுழாய், தொடர் ஸ்கேன் | சிரைச் சோதனைக்கான அலைச்சல் | சாயத்தால் சிறுநீரகச் சுமை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை |

## யாருக்கு எது?

பொட்டாசியம் குறைவு, நாற்பதுக்கு முன்பே வந்த பிரஷர், ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த அட்ரினல் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் ஆல்டோஸ்டிரோன் சோதனை. கூடவே திடீர்ப் படபடப்பு, வியர்வை, தலைவலி இருந்தால் அட்ரினலின் இன்னொரு கட்டியான பியோகுரோமோசைட்டோமாவையும் சோதித்தாக வேண்டும். அதைத் தெரியாமல் வைத்துக்கொண்டு மேசையில் படுப்பது ஆபத்து.

டெல்மிசார்டன் வகை மாத்திரை தொடங்கியதும், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சட்டென்று ஏறியவர்கள், வயிற்றில் ஸ்டெத் வைத்தால் இரைச்சல் கேட்பவர்கள், ஒரு சிறுநீரகம் மட்டும் சிறுத்திருப்பவர்கள் தமனியைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்து, 24 மணி நேர அளவியிலும் அழுத்தம் 130-க்கு 80-க்கு மேல் நின்று, ஸ்பைரோனோலாக்டோனும் போட்டுப் பார்த்துத் தாங்க முடியாமல் போனவர். இல்லாவிட்டால் நான்கு, ஐந்து மாத்திரை எடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் ஒரு முறை வந்துவிட்டவர். சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்கிறது, தமனி 3 முதல் 8 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. நரம்புச் சிகிச்சையை நான் மனமார ஆதரிப்பது இவருக்குத்தான். கூடுதலாக ஒரு நல்ல மாத்திரையை, தினமும் மறக்காமல் விழுங்கியதற்குச் சமமான அல்லது சற்றுக் குறைவான பலன் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. மாத்திரை வேண்டவே வேண்டாம் என்பதற்காக இதைக் கேட்கிற முப்பத்தைந்து வயதுக்காரருக்கு என் பதில் வேறு. அவருக்குத்தான் காரணம் தேடும் சோதனைகளில் ஏதாவது சிக்கும் வாய்ப்பு அதிகம்.

கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேட்க அத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்விகள் இவை. எனக்கு 24 மணி நேர அளவி கட்டிப் பார்த்தீர்களா? ஆல்டோஸ்டிரோன், ரெனின் எடுத்தாயிற்றா? இந்த மையத்தில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? குறையவில்லை என்றால் அடுத்து என்ன? காப்பீட்டு நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் தந்துவிட்டதா, வடிகுழாயின் விலையும் அதில் சேர்ந்திருக்கிறதா? இரண்டாவது கேள்வியைக் கேட்டபோதுதான் மருத்துவர் பேனாவை மூடிவிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்.